விலை மட்டும் கேட்டுப்போட்டு வா

"எல்லாத்துக்கும் விலை கேட்டுப்போட்டு வா அம்மணி. எதையும் வாங்கிப்போடாத."

நான் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுக்காரர் சொன்ன வழியனுப்பு வார்த்தை இதுதான். பத்திரமாகப் போய் வா, நேரத்துக்குச் சாப்பிடு என்றெல்லாம் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அவர் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் அதன் விலைதான் அவர் கண்ணில் படும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட, தட்டில் வைத்த மைசூர்பாகு கிலோ என்ன விலை என்று எங்கப்பாவிடம் கேட்டவர்.

நான் புனேக்குக் கிளம்பியதற்குக் காரணம் இருந்தது. கோயமுத்தூரில் நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனி, புனே பக்கத்தில் ரஞ்சன்காவில் புதிதாக ஒரு ஃபேக்டரி திறந்திருக்கிறது. அங்கே பர்ச்சேஸ் மேனேஜராகப் போகிறீர்களா என்று என்னைக் கேட்டார்கள். "போய் ஊரையும் ஃபேக்டரியையும் பாத்துட்டு வாங்க மேடம். வெள்ளிக்கிழமை முடிவைச் சொல்லிடுங்க. நீங்க வேண்டாம்னா அடுத்த ஆளைக் கேக்கணும்." அடுத்த ஆள் யாரென்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆர்டர் போடுவது எப்படி என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

மகள் திருச்சியில் ஹாஸ்டலில் இருக்கிறாள். வீட்டில் நானும் இவரும் மட்டும்தான். லேப்டாப் இருந்தால் இவர் எந்த ஊரில் உட்கார்ந்தும் கணக்கு எழுதலாம். ஆனால் கடை கடையாகப் போய் டீ குடிப்பதற்கு லேப்டாப் உதவாதே. போகலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "கட்டுபடியாகுதான்னு பாப்போம்" என்று மட்டும் சொன்னார். அதனால் நானும் கட்டுபடியாகிற முகத்தோடு ஊரைப் பார்க்கப் புறப்பட்டேன்.

திங்கட்கிழமை போய் இறங்கினேன். தூறிக்கொண்டிருந்தது. ஜூலை மாதத்தில் எங்கள் ஊரிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சாரலுமாகத்தான் இருக்கும். அதைப்பற்றி நாங்கள் அடிக்கிற பெருமை கொஞ்சநஞ்சமில்லை. புனேக்காரர்களும் தங்கள் ஊர் க்ளைமேட்டைப் பற்றி அதே மாதிரி பீற்றிக்கொள்வதைக் கேட்டபோது, யாரோ நம் புடவையை உடுத்திக்கொண்டு எதிரே வந்த மாதிரி இருந்தது.

ஸ்டேஷனுக்கு வெளியே ரோட்டுக்கு வந்து ஒரு ஆட்டோவை நிறுத்தினேன். கோயமுத்தூர்க்காரிக்கு ஆட்டோ என்றாலே ரத்தம் சூடாகிவிடும். ஆட்டோக்காரர் வாயைத் திறப்பதற்குள் எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் ஒரு தொகையைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் விடவில்லை, அதிலும் இருபது ரூபாய் குறைத்தேன். சரி என்று தலையாட்டினார். ஜெயித்துவிட்ட திமிரோடு உள்ளே உட்கார்ந்தேன். அவர் பழக்கதோஷத்தில் மீட்டரைத் தட்டிவிட்டார். இறங்கும்போது பார்த்தால், நான் அடித்துப்பேசி முடித்த தொகையைவிட மீட்டர் குறைவாகக் காட்டுகிறது. "மேடம், நீங்க அவ்வளவு பாடுபட்டுப் பேசினீங்க, மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சரின்னேன். மீட்டர் இதுதான். எது வேணுமோ குடுங்க" என்று ஹிந்தியில் சொன்னார். மீட்டர் காசைக் கொடுத்துவிட்டுக் குடையை மறந்துவிட்டு இறங்கினேன். கூப்பிட்டு அதையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் போனில் இதைச் சொன்னதும் வீட்டுக்காரர் நம்பவில்லை. "மீட்டர் போட்டானா?" என்றார். "போட்டாருங்க." "ஏதாச்சும் கோளாறா இருக்கும். நாளைக்கு வேற ஆட்டோவுல போய்ப் பாரு."

நான் தங்கியது நூர்ஜகான் வீட்டில். கரூரில் என்னோடு காலேஜில் படித்தவள், பள்ளப்பட்டிக்காரி. கல்யாணமாகிப் புனே வந்தவள் இங்கேயே வேரூன்றிவிட்டாள். அவள் வீட்டுக்காரருக்குக் கேம்ப் பகுதியில் மூக்குக்கண்ணாடிக் கடை. வீடு கோண்ட்வாவில், மூன்றாம் மாடி. "வா வசந்தி, முதல்ல சாய் குடி. பொறவு அங்கோள் பண்ணிட்டு வந்தீன்னா சாப்பாடு ரெடி" என்றாள். அங்கோள் என்றால் குளியல் என்று அவள் கையில் இருந்த துண்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவள் மகளோ, "ஆன்ட்டி, நீங்க... தூக்கம்... ஆச்சா?" என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினாள். நெய்ச்சோறும் தாளிச்சாவும் மட்டும் கலப்படமில்லாத பள்ளப்பட்டி.

பால்கனியிலிருந்து பார்த்தால் எதிரே ஒரு சலூன், ஷட்டர் இறங்கிக் கிடந்தது. பாவம், கடைக்காரருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். "அரே, திங்கக்கிழமைல்ல. இங்க சலூனுக்கெல்லாம் திங்கள்தான் சுட்டி" என்றாள் நூர்ஜகான். சுட்டி என்றால் லீவு. நம் ஊரில் செவ்வாய்தானே. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில் அதே கடையில் ஒருவர் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு, முகமெல்லாம் நுரையோடு ஜாலியாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு என்னவோ தப்புச் செய்கிறவரைப் பார்ப்பது போலிருந்தது.

எங்கள் வீட்டுக்காரருக்குத் திங்கள் சாயங்காலம் என்றால் மணியின் சலூன்தான். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், செவ்வாய் லீவு, அதனால் திங்கள். மீசையைத் திருத்த ஐந்து நிமிஷம் ஆகும். மிச்ச நேரமெல்லாம் பேப்பர், அரசியல், எவன் எங்கே சைட் வாங்கினான் என்கிற கதை. எனக்குக் காய்ச்சல் என்றாலும் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு மணி கடைக்குப் போவார். இந்த ஊர்ச் சலூன் விஷயத்தை அவரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். அது விலை இல்லையே என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை முழுக்க விலை கேட்பதில் போயிற்று. வெங்காயம் மலிவு, திராட்சை மலிவு, பால் கொஞ்சம் கூட. இந்திராயணி என்று ஒரு அரிசி, வெந்தால் அதுபாட்டுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. பொங்கலுக்கு நல்லது, ரசத்துக்கு ஆகாது. காய்கறி வாங்கி முடித்ததும் வழக்கம்போலப் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். காய்க்காரம்மா என்ன என்பதுபோலப் பார்த்தார். கறிவேப்பிலை, கொத்தமல்லி கொசுறாக விழும் என்று நிற்கிறேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கறிவேப்பிலைக் கட்டைத் தனியாக எடுத்துக் காட்டி அதற்கு ஒரு விலை சொன்னார்.

இட்லி அரிசி விலை தெரிந்துகொள்ளப் பழைய பேட்டைப் பக்கம் போனேன். அங்கே பெரிய கிராணாக் கடை, அதாவது மளிகைக்கடை, இருக்கிறது என்று நூர்ஜகான் சொல்லியிருந்தாள். மத்தியானம் போய்ச் சேர்ந்தபோது கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். "நாலு மணிக்கு மேல வாங்க." நான் குனிந்து ஷட்டருக்கு அடியில், "வாங்கலைங்க, விலை மட்டும் சொன்னாப் போதும்" என்றேன். "நாலு மணிக்கும் அதே விலைதான்" என்று சொல்லிவிட்டு மீதியையும் இறக்கிவிட்டார். அந்தத் தெருவில் அத்தனை கடைக்காரர்களும் சாப்பிட்டுவிட்டுக் குட்டித்தூக்கம் போடப் போய்விட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது, கூடவே பொறாமையும் வந்தது.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஏறினேன். நம் ஊரில் பொம்பளைகள் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், கண்டக்டரே வந்து காசில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அந்தப் பழக்கத்தில் ஜன்னல் பக்கம் ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு கையை நீட்டினேன். கண்டக்டரும் கையை நீட்டினார். இரண்டு வெறுங்கைகள் எதிரெதிரே நின்றன. "லேடீஸ்" என்றேன், அவருக்கு விஷயம் புரியவில்லையோ என்று. "தெரியுது மேடம், காசு?" என்றார் ஹிந்தியில். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மானம் போனாலும் பரவாயில்லை, காரணத்தைச் சொல்லிவிடுவோம் என்று எங்கள் ஊர் நிலவரத்தை விளக்கினேன். கண்டக்டர் அதை டிரைவருக்கு மராத்தியில் கத்திச் சொன்னார். "இதை என் பொண்டாட்டி காதுல போட்டுடாதீங்க" என்று டிரைவர் பதிலுக்குக் கத்தினாராம், பக்கத்து சீட்டுப் பெண் எனக்குச் சொல்லிச் சிரித்தாள். பின் சீட்டிலிருந்து ஒரு அம்மா என் தோளைத் தட்டி, "உங்க ஊர்ல வாடகை எல்லாம் எப்படி?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்று போனில் வீட்டுக்காரர் கொதித்துவிட்டார், பஸ்ஸுக்காக இல்லை. "கறிவேப்பிலைக்குக் காசா? அந்த ஊரு நமக்கு ஆகாது அம்மணி." கரண்ட் பில் மாசாமாசம் வரும், நம்மைப்போல இரண்டு மாசத்துக்கு ஒருதரம் இல்லை, நூறு யூனிட் சும்மா என்பதும் இல்லை என்று நூர்ஜகான் சொன்னதைச் சொன்னேன். "அப்பறம் என்ன இருக்குது அங்க?" என்றார். "ஃபேனே வேண்டாமுங்க, குளுகுளுன்னு இருக்குது" என்றேன். "குளிருக்குக் கம்பளி வாங்கோணுமல்ல?" நான் வெங்காயத்தைத் தூக்கினால் அவர் புளியைத் தூக்குவார். நான் திராட்சையைச் சொன்னால் அவர் தேங்காயைக் கேட்பார். இரண்டு பேரும் காய்கறிக் கூடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசிக்கொண்டிருந்தோம்.

புதன்கிழமை ஃபேக்டரி. கம்பெனி பஸ் நகர் ரோட்டில் வாகோலியைத் தாண்டுவதற்குள் ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிட்டேன். ரஞ்சன்காவ் கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரே கூச்சல். பம்ப்புக்கு வார்த்த இரும்பு காஸ்டிங் ஏற்றி வந்த லாரி முந்தின நாளிலிருந்து நிற்கிறது. சரக்கு சரியில்லை, இறக்க மாட்டேன் என்கிறார் ஸ்டோர்ஸ்காரர். இறக்காமல் போக மாட்டேன் என்கிறார் லாரியோடு வந்த சப்ளையர் ஆள். ஒருவர் ஹிந்தி, ஒருவர் மராத்தி, இரண்டு பேரும் பாவம் என்னைப் பார்த்ததும் இங்கிலீஷுக்குத் தாவினார்கள்.

என்னை வந்து பார்க்கச் சொன்னது ஊரைத்தான், சண்டையை இல்லை. ஆனால் சும்மா நிற்க முடியவில்லை. எங்கள் ஊர்க் கணபதியிலும் பீளமேட்டிலும் இருக்கிற ஃபவுண்டரிக்காரர்களோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டினவள் நான். லாரியில் ஏறி ஒரு பீஸை எடுத்துப் பார்த்தேன். அங்கங்கே ஊசித்துளை விழுந்திருந்தது. இன்னொன்றை எடுத்தேன், சுத்தமாக இருந்தது. இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திவைத்து, நல்லதை இறக்கு, ஓட்டை விழுந்ததை அதே லாரியில் திருப்பி அனுப்பு, வாடகை சப்ளையர் தலையில் என்று முடித்தேன். என் ஹிந்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாம் தாறுமாறாகக் கிடந்திருக்கும். யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. லாரி கிளம்பியது.

மத்தியானம் கேன்டீனில் அசெம்ப்ளி பிரிவுப் பெண்கள் என்னை நடுவில் உட்காரவைத்துக்கொண்டார்கள். சோள ரொட்டி, கடலைமாவைக் கிண்டிய பிட்லா. வெங்காயத்தைக் கத்தியால் நறுக்கப் போன என்னைத் தடுத்து, மேஜைமேல் வைத்து ஒரே குத்துக் குத்தச் சொன்னார்கள். குத்தினேன். வெங்காயம் உருண்டோடி ஹெச்.ஆர். மேனேஜர் தட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. பருப்பில் வெல்லம் போட்டிருந்தார்கள். பாயசம் என்று சொல்லிக் கொடுத்திருந்தால் சந்தோஷமாகக் குடித்திருப்பேன். ஆனாலும் அந்தச் சாப்பாடு அப்படி இறங்கியது. இந்த வேலை எனக்கு வேண்டும் என்று அந்த மேஜையில்தான் எனக்கே தெரிந்தது.

சாயங்காலம் பஸ் வாகோலியில் மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றபோது போன் வந்தது.

"துவரம்பருப்பு என்ன விலை அம்மணி?"

"தெரியலீங்க."

"ஏன், கடைக்குப் போகலையா?"

"போகலீங்க. ஏனுங்க, மூணு நாளா பருப்பு கேட்டீங்க, புளி கேட்டீங்க, கறிவேப்பிலை கேட்டீங்க. எனக்குப் புடிச்சிருக்குதான்னு ஒருக்காக்கூடக் கேக்கலையே?"

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் குறைந்தது.

"புடிச்சிருக்குதா?"

"வேலை புடிச்சிருக்குதுங்க. எனக்கு வரோணும்னு இருக்குது."

டி.வி. சத்தம் மறுபடி ஏறியது. "அங்க மழையா?" என்றார். தூறல் என்றேன். "நனையாம போ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை வீடு பார்க்கப் போனேன். லோஹேகாவ் பக்கம், கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்கு அதிக தூரமில்லை. புரோக்கர் வீட்டின் பெருமைகளைச் சொல்லும்போது ஊர் அமைதியாக இருந்தது. தண்ணீர் எப்படி என்று கேட்டதும் ஏர்ஃபோர்ஸ் விமானம் ஒன்று தலைக்குமேல் கிழித்துக்கொண்டு போனது. அது போனபிறகு மறுபடி கேட்டேன். வெயில் காலத்தில் டேங்கர்தான் என்று அடங்கிய குரலில் ஒப்புக்கொண்டார். சிறுவாணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நாக்கு எனக்கு. உள்ளுக்குள் ஒரு அழுகை அழுதுவிட்டு மேலே நடந்தேன்.

வீட்டுக்கார அம்மா கீழ்வீட்டில் இருந்தார். கதவில் மராத்தியில் ஒரு அறிவிப்பு. புரோக்கர் படித்துச் சொன்னார்: "பெல்லை ஒருமுறை அடித்தால் போதும். எங்களுக்குக் காது நன்றாகக் கேட்கும். கதவு வரை நடந்துவரத்தான் நேரமாகும்." ஒருமுறை அடித்துவிட்டுப் பயபக்தியோடு நின்றோம். அந்த அம்மா வந்தார், மேலிருந்து கீழ்வரை பார்த்தார், சூடாக அவல் உப்புமா கொடுத்தார், வாடகையைச் சொன்னார். வாடகை எங்கள் ஊரைவிடக் கூடத்தான். கம்பெனி தருகிற வீட்டு வாடகைப்படியில் அடங்கும். மாடியில் இரண்டு அறை, சமையலறையில் கிரைண்டர் வைக்க இடம், பால்கனிக்கு எதிரே ஒரு வேப்பமரம். எனக்குப் பிடித்துவிட்டது.

"எத்தனை பேர்?" என்று கேட்டார்.

எளிய கேள்விதான். நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா என் விரல்களைப் பார்த்தார், நான் எண்ணுகிறேனோ என்று. "ஒண்ணா ரெண்டா? தனி ஆளுன்னா எனக்கு ஒரு யோசனை, குடும்பம்னா ஒரு யோசனை. நாளைக்குச் சொல்லுங்க. இல்லேன்னா வேற ஆளு வர்றாங்க."

படி இறங்கினேன். வேலைக்குச் சரி என்று சொல்ல எனக்குத் தைரியம் இருந்தது. அந்தச் சமையலறையில் ஒரு டம்ளர் காபி மட்டும் போடுவதற்குத் தைரியம் இருக்கிறதா என்று தெரியவில்லை. அன்று சாயங்காலம் போன் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் வெளியூர் போய் அவர் போன் செய்யாமல் இருந்தது கிடையாது.

"அவர் வரலேன்னா?" என்று நூர்ஜகானிடம் கேட்டேன். அவள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். "வரலேன்னா நீ போவியா மாட்டியா?" என்றாள். போவேன் என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை. "சலோ, அப்ப அதை முதல்ல சொல்லு. நீ முடிவைச் சொல்லாம அவர் முடிவைக் கேட்டுட்டே இருந்தா, அவரும் பருப்பு விலைதான் கேப்பாரு." இருபது வருஷத்துக்கு மேல் கண்ணாடிக்கடைக்காரரோடு குடும்பம் நடத்தினாலோ என்னவோ, அவளுக்குப் பார்வை தெளிவாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆபீசுக்குப் போன் போட்டுச் சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரருக்கு, "சரின்னு சொல்லிட்டேனுங்க" என்று ஒரு மெசேஜ் அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. குளித்தேன். பதில் இல்லை. பெட்டியை அடுக்கினேன். எதையும் வாங்கவில்லை என்பதால் அடுக்குவதற்கு ஒன்றுமே இல்லை, இருந்ததையே எடுத்து எடுத்து வைத்தேன்.

போன் அடித்தது.

"அம்மணி, அங்க சலூன் எந்தக் கிழமை லீவு?"

எனக்கு விளங்கவில்லை. "கட்டிங் எவ்வளவுன்னா கேக்கறீங்க? விசாரிச்சுச் சொல்றனுங்க."

"விலையை யாரு கேட்டா? எந்தக் கிழமை லீவுன்னு கேட்டேன்."

"திங்கக்கிழமைங்க."

"திங்களா?" என்றார். அவர் குரலில் இருந்த அதிர்ச்சி, கறிவேப்பிலைக்குக்கூட வரவில்லை. அப்புறம் மெதுவாக, "செவ்வாக்கிழமை தொறந்திருப்பானா?" என்றார்.

"தொறந்திருக்குதுங்க. நானே பார்த்தேன்."

"செரி. அப்ப நான் செவ்வாக்கிழமைக்கு மாத்திக்கறேன்."

அவ்வளவு சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. சலூன் லீவைச் சொல்லிவிட்டு அழுத பொம்பளை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நூர்ஜகான் மகள் ஓடி வந்து, "ஆன்ட்டி, வலி... எங்கே?" என்று கேட்டாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு லோஹேகாவ் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு பேருங்க" என்றேன்.

"இதை எண்ணி முடிக்க உங்களுக்கு ஒரு நாள் ஆச்சா?" என்றார் அவர்.